சொல்லின் பின்பாதி

மார்ச் 3, திங்கள்

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், எமல்டா அக்கா. மணி ஒன்று இருபது. பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். தினகர் பதினொரு மணிக்கே படுத்துவிட்டார். அவருக்குத் தூக்கம் வருகிறது, அதில் தப்பொன்றும் இல்லை.

ஃபோனில்தான் எழுத நினைத்தேன். நான்கு தடவை தட்டி நான்கு தடவையும் அழித்தேன். நீங்கள் எந்தக் கையால் ஃபோனைப் பிடித்துப் படிப்பீர்கள் என்று யோசனை போனது, நிறுத்திவிட்டேன். அதனால் இந்த நோட்டு. உங்களிடம் கொடுக்கும் தைரியம் வருகிற வரைக்கும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போகிறேன்.

இன்றோடு ஏழு நாள். போன திங்கள் மதியம் மூன்று நாற்பதுக்கு, ஹேங்கரில் நின்ற விமானத்தின் இடது இறக்கைமேல் நீங்கள் இருந்தீர்கள், நான் காக்பிட்டில் இருந்தேன். ஹைட்ராலிக் பம்பைப் போட்டது நான். நிமிர்ந்து நின்ற ஸ்பாய்லர் தகடு உங்கள் வலது கைமேல் மூடிக்கொண்டது. மூன்று விரல்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பாப்பாவின் காப்பகத்துக்குப் பை கட்டியாயிற்று. மாற்றுத் துணி நான்கு செட். "ரெண்டு போதுமே சுகி" என்றார் தினகர். நான்கு வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

செக்லிஸ்ட் சார் கூப்பிட்டார். (வரதராஜுலு சார் என்று எழுதினால் யாரோ என்று நினைப்பீர்கள். நம் தரப் பிரிவு மேலாளருக்கு நீங்கள் வைத்த பெயரே இருக்கட்டும்.) அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கே படித்துக் காட்டினார். ‘கிளியர்?’ என்று ஹெட்செட்டில் இரண்டு முறை கேட்டேனாம். ‘கிளியர்’ என்று தெளிவாகப் பதில் வந்ததாம். அதன் பிறகே பம்பை இயக்கினேனாம்.

"இதுல ஏதாவது சேக்கணுமாம்மா?"

"இல்ல சார்."

"நல்லது. பதினேழாம் தேதி ரிப்போர்ட்ட மூடிருவோம். அப்புறம் ஒரு கமா கூட யாரும் மாத்த முடியாது."

வெளியே வரும்போது கேட்டேன், எமல்டா அக்காவுக்கு என்ன ஆகும் என்று. அவர் பேனாவை மூடியபடி சொன்னார்: "விரல் இல்லாம டூல் பிடிக்க முடியாது. டிரெயினிங் ஸ்கூல்ல வாத்தியாரா போடலாம்னு மேல ஒரு பேச்சு இருந்துச்சு. ஆனா பாதுகாப்பு விதிய மீறினவங்கன்னு ரிப்போர்ட்ல வந்துட்டா, அவங்களையே பாதுகாப்புப் பாடம் எடுக்கச் சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது.

மார்ச் 6, வியாழன்

இரவு தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தினகர் கேட்டார், ஒரு பட்டனுக்கு அவ்வளவு பலமா என்று. கல்யாணமாகி மூன்று வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

பட்டனுக்குப் பலம் இல்லை, எண்ணெய்க்குத்தான் என்றேன். பைலட் பிடியை அசைக்கும்போது அவர் கைப்பலம் இறக்கைவரைக்கும் போவதில்லை. அது ஒரு சின்ன வால்வைத் திறக்கிறது, அவ்வளவுதான். வால்வு வழியாக எண்ணெய் ஒரு உருளைக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் இறக்கையின் தகட்டைத் தள்ளும். பறக்கிற வேகத்தில் வருகிற காற்றை எதிர்த்துத் தகட்டைத் திருப்ப எந்த மனிதக் கையாலும் ஆகாது. நம் கார் டயரில் இருக்கும் அழுத்தம் முப்பதோ முப்பத்திரண்டோ. அந்தக் குழாயில் மூவாயிரம்.

"குழாய் உடைஞ்சா?"

"தனித்தனியா மூணு லைன் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்."

பேச ஆரம்பித்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை, அக்கா. தோசை கருகியது. எல்லாவற்றையும் எண்ணெயே செய்வதால் பைலட்டின் கைக்குக் காற்றின் கனம் தெரியாமல் போகிறது, தெரியாவிட்டால் அளவு தாண்டி இழுத்துவிடுவார், அதற்காகவே ஸ்பிரிங் வைத்து அவர் கைக்குச் செயற்கையாக ஒரு கனத்தைக் கொடுக்கிறோம் என்று சொன்னேன்.

"அப்போ அது பொய்க் கனமா?"

"பொய்தான். ஆனா அது இல்லாம ஓட்டக் கூடாது."

அவர் வேறு தோசை கேட்டார். நான் மாவைக் கரண்டியில் எடுத்தபடியே நின்றிருந்தேன். அந்தப் பம்பு பட்டனுக்கு ஸ்பிரிங்கும் இல்லை, கனமும் இல்லை. எங்கள் வீட்டுக் காலிங் பெல்லைவிட லேசு. என் விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அக்கா. கத்தல்கூடக் கேட்கவில்லை. கீழே இருந்த பையன்கள் ஓடுவதைப் பார்த்துதான் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

பாப்பா இன்று சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பத்து விரலாலும்.

மார்ச் 9, ஞாயிறு

உங்களைப் பார்க்க வந்ததையும் எழுதுகிறேன். நீங்கள் பார்த்தது ஒன்று, எனக்குள் நடந்தது வேறொன்று.

வார்டு வாசலிலேயே நின்றிருந்தேன். நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள்.

"ஏட்டி, வாசல்ல என்னத்துக்கு நிக்க? உள்ள வா. செத்தா போயிட்டேன்?"

வலி வந்ததும் தூத்துக்குடிப் பேச்சு திரும்பிவிட்டது உங்களுக்கு. கையை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாகக் கட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்காமல் இருக்கச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"செக்லிஸ்ட் வந்துட்டுப் போனாரு தெரியுமா? கையில என்னமோ இருந்துச்சு. பூங்கொத்துன்னு நெனச்சேன். ஃபார்ம்."

"கையெழுத்து கேட்டாரா?"

"கேட்டாரு. எந்தக் கையில போடணும்னு நானும் கேட்டேன். மனுசன் மொகத்தப் பாக்கணுமே!"

நீங்கள் சிரித்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் ரொசாரியோ அண்ணன் சிரிக்கவில்லை. ஆரஞ்சை உரித்து, சுளையின் நாரையெல்லாம் எடுத்து, உங்கள் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா. ஹார்பர்ல பதினாலு வருசமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுதேன். அதுவும் எண்ணெய் அமுக்கத்துலதான் தூக்குது. கீழ நிக்கவன் மொகத்தப் பாக்காம லீவர்ல கை வைக்க மாட்டேன். ஒங்க வண்டியில அங்க இருந்து இவளப் பாக்க முடியாதா?"

"முடியாதுண்ணே. காக்பிட்ல இருந்து பாத்தா அந்த இடம் தெரியாது. ஹெட்செட்ல கேட்டுதான் செய்யணும்."

"அப்போ காதுதான் கண்ணு."

"ஆமாண்ணே."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சுளையை எடுத்தார்.

அவர் டீ வாங்கப் போனதும் நீங்கள் குரலைத் தாழ்த்தினீர்கள். "நா ‘கிளியர்’னு சொன்னேன்னு எழுதிருக்காமே. நா என்னைக்கு உங்கிட்ட ‘கிளியர்’னு சொல்லிருக்கேன்? நம்ம தமிழ்லயேதான பேசுவோம்."

நான் மறுபடியும் காலண்டரைப் பார்த்தேன்.

"எனக்கு அந்த அஞ்சு நிமிசம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு, சுகி. கண்ண மூடி மூடிப் பாக்கேன், ஒண்ணும் வரல. நீயே சொல்லு. லாக் எடுத்தாச்சான்னு கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"நா ‘எடுத்துட்டேன்’னு சொன்னேனா?"

நர்ஸ் டிரிப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்வரை நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆமா அக்கா."

நீங்கள் நீளமாக மூச்சு விட்டீர்கள். "அப்ப சரி. என் தப்புதான். கைய உள்ள வச்சுக்கிட்டே வாயத் தொறந்திருக்கேன் பாரு, கூறுகெட்டவ." பிறகு இடது கையால் என் தலையைத் தட்டிக் கொடுத்தீர்கள். "நீ அழாதட்டி. பால் குடுக்குற உடம்பு."

பஸ்ஸில் பல்லாவரம் தாண்டி இரண்டு ஸ்டாப் போன பிறகுதான் இறங்க மறந்தது தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் நூறு.

மார்ச் 12, புதன்

காய்ச்சல் விட்டது. கஞ்சி இரண்டு சங்கு குடித்தாள்.

உங்கள் டூல்பாக்ஸை ஒழித்துத் தரச் சொன்னார்கள். வேறு யாரையும் தொட விடவில்லை. விளக்கெண்ணெய் சீசா பாதி இருந்தது. அந்த ஊதா நிற ஹைட்ராலிக் எண்ணெய் கையில் பட்டு எரியும்போது தண்ணீரைத் தேடி ஓடாதே, இதைத் தடவு என்று எனக்கு நீங்கள் கொடுத்த அதே சீசா. மூடியை மட்டும் இறுக்கி வைத்தேன்.

இதுவரைக்கும் எண்ணெயைப் பற்றியும் வால்வைப் பற்றியும் எழுதியாயிற்று. இனி வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்பாய்லரைத் தூக்கி நிறுத்தி வேலை செய்யும்போது அது தானாக மூடாமல் இருக்கச் சிவப்பு லாக் மாட்டுகிறோம். வேலை முடிந்து அந்த லாக்கை எடுக்கிற நேரம்தான் ஆபத்தானது. லாக்கும் இருக்காது, கையும் உள்ளே இருக்கும். அதனால்தான் புத்தகத்தில் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘கிளியர்’. கையும் காலும் ஆளும் சாமானும் வெளியே வந்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. அதை இரண்டாகப் பிரிக்க முடியாது. நாம் இரண்டு பேரும் அதைச் சொன்னதே இல்லை. "என்னட்டி, ஒனக்கு இங்கிலீஷ்ல சொன்னாத்தான் ஏறுமா?" என்று நீங்கள் கேலி செய்ய, நானும் விட்டுவிட்டேன்.

நான் கேட்டது: "லாக் எடுத்தாச்சா அக்கா?"

இரண்டு தடவை இல்லை. ஒரே தடவை.

உங்கள் பதில் என் காதில் விழுந்தது: "எடுத்துட்…"

அவ்வளவுதான் விழுந்தது. அதற்குப் பிறகு ‘டேன்’ வந்ததா, ‘டிருக்கேன்’ வந்ததா என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதை நம் வார்த்தை கடைசியில் அல்லவா வைத்திருக்கிறது. நான் முதல் பாதியைக் கேட்டேன். மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. நீங்கள் வேலைக்கு வந்த புதிதில் உங்கள் ஊர்ப்படி ‘எடுக்கேன்’ என்பீர்கள். ‘எடுக்கேன், வைக்கேன், வாரேன்.’ கேன்டீனில் உட்கார்ந்து அதை நான்தான் சொல்லிக் காட்டிச் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான். ஆறு மாதத்தில் எங்களைப் போலவே ‘எடுத்துட்டிருக்கேன்’ என்று பேசப் பழகிவிட்டீர்கள்.

‘எடுக்கேன்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், பாதி கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும்.

மார்ச் 13, வியாழன்

உங்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போகிறார்கள் என்று அண்ணன் மெசேஜ் போட்டார். எழும்பூருக்கு வரலாம் என்று கிளம்பினேன். செருப்பு வரைக்கும் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

தினகரிடம் சொன்னேன். முழுவதும் இல்லை, ஒரே தடவைதான் கேட்டேன் என்பதை மட்டும்.

அவர் டிவியை அணைத்தார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல?"

"நான் சொன்னதால ஒத்துக்கிட்டாங்க."

"சுகி, கேளு. இப்போ நீ மாத்திச் சொன்னா அவங்க விரல் திரும்பி வருமா? உன் லைசென்ஸ் போகும். எங்கயும் ஹேங்கருக்குள்ள விட மாட்டாங்க. நாலு வருசம் படிச்சு, ரெண்டு வருசம் பரீட்சையா எழுதி… உனக்கு ஒரு குழந்தை இருக்கு."

"எனக்குக் குழந்தை இருக்குறதாலதான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றார். எங்கள் பொழிச்சலூர் மாடிக்கு மேலே விமானம் ஒன்று தாழப் போனது. "பாரு, அம்மாவோட ஏரோப்ளேன்" என்று அவளுக்குக் காட்டினார். தினமும் சொல்வதுதான்.

மார்ச் 15, சனி

நிறுத்திய வாக்கியத்தை எழுதிவிடுகிறேன்.

அன்று என் ஓவரால் பாக்கெட்டில் ஃபோன் இருந்தது. இருக்கக் கூடாது. லீவு முடிந்து வந்த நாளிலிருந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன், காப்பகத்திலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று. பம்பு போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை அதிர்ந்தது. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது உங்களிடம் கேட்டுவிட்டேன், "லாக் எடுத்தாச்சா அக்கா?" என்று. நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு ஃபோனைக் காதில் வைத்தேன். உங்கள் வார்த்தையின் பாதி அங்கேதான் போனது. இன்னொரு கை மேலே பேனலுக்குப் போனது.

பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காப்பக மிஸ் சொன்னது இதுதான்: "மேடம், பாப்பா பேக்ல மாத்துத் துணி இல்ல."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பாப்பாவின் துணிகளையெல்லாம் துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன். தினகர் வந்து குழாயை மூடினார்.

மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பது மணிக்கே செக்லிஸ்ட் சார் அறை வாசலில் நின்றேன். மேஜைமேல் ரிப்போர்ட் இருந்தது, கயிறு கட்டவில்லை.

"சார், வாக்குமூலத்த மாத்தணும்."

"எந்த வரிய?"

"எல்லாத்தையும் சார்."

கண்ணாடியைக் கழற்றினார். "உன் லைசென்ஸ நிறுத்தி வைப்பாங்க. அதுக்கு மேல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சா வந்திருக்க மாட்டேன் சார்."

புது ஃபார்ம் எடுத்தார். ஃபோன், ஹெட்செட், ஒரே தடவை கேட்டது, எல்லாவற்றையும் அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். என்னைவிட அவர் கைதான் மெதுவாகப் போனது. ஒரு கட்டத்துக்கு வந்ததும் நின்றார். பரிமாறப்பட்ட சரியான வார்த்தைகளை ஆங்கிலத்தில் எழுதவும் என்று அச்சடித்திருந்தது.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"‘எடுத்துட்’. அவ்வளவுதான் சார் நான் கேட்டேன்."

பேனாவை வைத்துக்கொண்டே இருந்தார். "இத இங்கிலீஷ்ல எப்படிம்மா எழுதறது? முடிஞ்சதுன்னு எழுதினா ஒண்ணு, முடியலன்னு எழுதினா ஒண்ணு. ரெண்டுமே அவங்க சொன்னதா ஆயிரும்."

"முடியாது சார். அப்படியே தமிழ்ல எழுதுங்க."

முப்பது வருடமாக அந்த மேஜையில் இருக்கிறவர், அக்கா. அந்தக் கட்டத்துக்குள் தமிழில் ‘எடுத்துட்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே, மீதியைக் காக்பிட்டில் இருந்தவர் கேட்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

"எமல்டாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நான் பேச வேண்டும் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடையாள அட்டையை வாசல் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 19, புதன்

நேற்று உங்களுக்கு ஏழு தடவை ஃபோன் செய்தேன். இன்று எட்டாவது தடவை செய்தபோது ரொசாரியோ அண்ணன் எடுத்தார்.

"ஆபீஸ்ல இருந்து பேசினாவ. அவ மேல தப்பில்லன்னு எழுதிட்டாவளாம். டிரெயினிங் ஸ்கூல் வேலயும் கெடைக்கும் போல."

"அக்கா என்ன சொன்னாங்க அண்ணே?"

அவருக்குப் பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"சந்தோசப்படுவான்னு நெனச்சேன். ரெண்டு நாளா வாயே தொறக்கல. சுகிர்தா மேல கோவமான்னு கேட்டேன். அந்த ஃபோன் சங்கதிக்குக் கூட அவ ஒண்ணும் சொல்லலம்மா. பச்சப்புள்ளக்காரி, பயந்திருப்பான்னா. பொறவு, ‘நா அவள்ட்ட அம்புட்டுக் கேட்டேனே, எம்மொகத்தப் பாத்து ஆமான்னு சொன்னாளே’ன்னு சொல்லிட்டுச் செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துட்டா."

"ஃபோன அவங்க கிட்ட…"

"வேண்டாம்மா. இப்ப வேண்டாம்."

அக்கா, பம்பைப் போட்ட நேரத்தில் எனக்கு அவசரம் இருந்தது, பயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த ‘ஆமா’வைச் சொன்னபோது எந்த அவசரமும் இல்லை. நர்ஸ் வந்து போகும் வரை நேரம் இருந்தது. இரண்டு காதும் திறந்திருந்தது. உங்களுக்கு நினைவில் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. எழுதி எழுதித் தேடினேன், இந்த நோட்டு முழுக்க.

இதை நாளைக் காலை கூரியரில் போடுகிறேன். எதையும் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. அண்ணனைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள், நீங்களே படியுங்கள்.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுதுங்கள். இனிமேல் எழுதாதே என்பதாக இருந்தால் அதையாவது எழுதுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.

சுகிர்தா